சண்முகசுந்தரி அளந்த ஒரு கிலோமீட்டர்

துறைமுகத்துக்குப் போகும் புறவழிச் சாலையில் இருக்கும் ஒரு தனியார் எடைமேடையில் சண்முகசுந்தரி பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். அவள் யாரையும் நம்பமாட்டாள் என்று லாரி டிரைவர்கள் சொல்லித் திரிவார்கள். அது அபாண்டம். மனிதர்களை அவள் தாராளமாக நம்புவாள், லாரியோடு வரும்போது மட்டும்தான் நம்பமாட்டாள். எடை குறையப் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே அரை அடி தள்ளி நிறுத்துகிறவன், எடை கூடக் கிளீனரை உள்ளே படுக்கவைத்துக்கொண்டு வருகிறவன் என்று எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. கண்ணாடி ஜன்னலுக்குள் இருந்தபடியே, "இடது பின்சக்கரம் வெளிய நிக்கி, உள்ள ஏத்துங்க அண்ணாச்சி" என்பாள். குரலை உயர்த்தமாட்டாள். டிரைவர் முனகிக்கொண்டே ஏற்றுவார்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்ததில் முப்பத்தேழு வயதில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தாள். ஆறு மாதத்தில் நடை ஓட்டமாகிவிட்டது. முத்துநகர் கடற்கரையில் காலை ஐந்தரைக்குக் கூடும் பன்னிரண்டு பெண்களோடு சேர்ந்துகொண்டாள். பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருக்கும் விஜிலாதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. சுடிதாருக்கு மேல் ஆளுக்கொரு பனியனை மாட்டிக்கொண்டு அவர்கள் ஓடுவதைப் பார்த்து முதலில் ஊர் சிரித்தது. பிறகு ஊருக்குப் பழகிவிட்டது.

எதையும் அளந்தே பழகிய கைக்கு, எவ்வளவு ஓடினோம் என்று தெரியாமல் ஓடுவது சரிப்படவில்லை. கைப்பேசியை இடுப்புப் பையில் வைத்து ஓடினாள். வியர்வை இறங்கி அது ஒரே மாதத்தில் மண்டையைப் போட்டது. அதற்குப் பிறகு கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு, கையில் கட்டும் கடிகாரம் தேடிக் கடைக்குப் போனாள். இசக்கியப்பன் அண்ணாச்சி கடையில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு ஒன்று இருந்தது. வண்ணத்திரை, பாட்டு, இதயத்துடிப்பு எல்லாம் உண்டு.

"ஜிபிஎஸ் இருக்கா அண்ணாச்சி?"

"பெட்டியிலயே போட்டிருக்குல்லா. வாசிச்சிப் பாரும்மா."

போட்டுத்தான் இருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்தக் கடிகாரம் அவளுக்கு ராசியாகிவிட்டது. மார்ச் மாதம் ஒரு காலையில் பத்து கிலோமீட்டரை ஐம்பத்தெட்டு நிமிடம் நாற்பது விநாடியில் முடித்தாள். அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பத்து ஓடிய முதல் ஆள் அவள்தான். விஜிலா வாட்ஸப் குழுவில் அவள் படத்தைப் போட்டாள். லாரி ஷெட்காரர்கள் அல்வா வாங்கிக் கொடுத்தார்கள். என்ன வாட்ச், எங்கே வாங்கினாய் என்று எல்லோரும் கேட்க, அடுத்த மாதத்துக்குள் எட்டுப் பேர் கையில் அதே கடிகாரம். இசக்கியப்பன் அண்ணாச்சி மகிழ்ந்துபோய் அவளுக்கு ஒரு கடிகார வாரை இலவசமாகக் கொடுத்தார்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி சந்தனச்செல்வி. இறால் கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி இறால் உரிக்கிறவள். நாற்பத்து நான்கு வயதில் ஓட வந்தவள். ஐந்து கிலோமீட்டரை முப்பத்தாறு நிமிடத்தில் ஓடிய அன்று, கடற்கரை மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். அவள் மகள் அந்த எண்ணை ஸ்டேட்டஸாக வைத்தாள். கம்பெனி வேனில் வரும் அத்தனை பேருக்கும் சந்தனச்செல்வியின் ஐந்து கிலோமீட்டர் மனப்பாடம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நவம்பரில் ஆமிரா வந்து சேர்ந்தாள். காயல்பட்டினத்துப் பெண், மருந்துக்கடையில் வேலை. துபாயில் இருக்கும் கணவன் அனுப்பிய முப்பதாயிரம் ரூபாய் கடிகாரம் அவள் கையில். ஒருநாள் அவளும் சண்முகசுந்தரியும் ஒன்றாக ஓடி, சண்முகசுந்தரியின் கடிகாரம் பத்து என்று அதிர்ந்தபோது ஆமிரா தன் கையைப் பார்த்தாள்.

"சுந்தரிக்கா, எனக்கு ஒம்பது புள்ளி மூணுதான் காட்டுது."

"புது வாட்ச்சுல்லா. போகப் போகச் சரியாவும்" என்றாள் சண்முகசுந்தரி.

சொல்லிவிட்டாளே தவிர, அந்த ஒன்பது புள்ளி மூன்று அவளை விடவில்லை. எடைமேடையில் யாராவது வந்து, எடை தப்பு என்று சண்டை போட்டால் அவள் வாய்ப்பேச்சுக்கே போகமாட்டாள். முத்திரை குத்திய இருபது கிலோ படிக்கற்களை அடுக்கி, மேடை சரியாகக் காட்டுகிறதா என்று அவர்கள் கண்முன்னே காட்டிவிடுவாள். தெரிந்த எடையை வைத்துத்தான் மேடையைச் சோதிக்க முடியும். அப்படியானால் கடிகாரத்தைச் சோதிக்கத் தெரிந்த தூரம் ஒன்று வேண்டும்.

அவள் கணவன் லிங்கராஜ் உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவன். அவனிடம் ஐம்பது மீட்டர் டேப் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைக் கெடுத்து அவனை உப்பளத்துச் சாலைக்கு இழுத்துப் போனாள். வளைவு இல்லாத சாலை. மரம் கிடையாது, கட்டிடம் கிடையாது, தலைக்கு மேல் வெறும் வானம். இருபது முறை டேப்பை விரித்து, இரண்டு முனையிலும் சாலைக்குக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

"டேப்பைத் தொய்யவிடாதீங்க. இழுத்துப் பிடிங்க."

"ஏளா, இது ரோடா, பட்டுச் சீலையா?" என்றான் லிங்கராஜ். ஆனால் இழுத்துத்தான் பிடித்தான்.

மறுநாள் காலை மூன்று கடிகாரங்களோடு போனாள். ஒன்று அவளுடையது. இன்னொன்று ஆமிராவிடம் இரவல் வாங்கியது. மூன்றாவது, துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் இருக்கும் பாலகணேஷ் விற்கப்போவதாகச் சொன்னது. நாலு வருடம் பழையது, கறுப்பு வெள்ளைத் திரை, கண்ணாடியில் கீறல், பாட்டும் இல்லை போனும் பேசாது. ஆறாயிரத்து ஐந்நூறு சொன்னான். இரண்டை இடது கையிலும் ஒன்றை வலது கையிலும் கட்டிக்கொண்டு, கோட்டுக்குக் கோடு ஐந்து தடவை ஓடினாள். மழைக்கு உப்புக் குவியலை ஓலையால் மூடிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பாலகணேஷின் கடிகாரம் முதலில் திறந்த வெளியில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொன்னது. செயற்கைக்கோளைப் பிடித்த பிறகுதான் ஓட விட்டது. லாரி மேடையில் ஏறுவதற்கு முன்னால் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. அதன் மேல் அப்போதே ஒரு மரியாதை வந்துவிட்டது. ஒரு கிலோமீட்டருக்கு அது ஒன்று அல்லது ஒன்று புள்ளி பூஜ்யம் ஒன்று என்றது. ஆமிராவினுடையது ஐந்து தடவையும் ஒன்று. அவளுடைய கடிகாரம் முதல் தடவை ஒன்று புள்ளி பூஜ்யம் நாலு. ஐந்தாவது தடவை, கால் ஓய்ந்து காலடி குறுகிய நேரத்தில், ஒன்று புள்ளி ஒன்று.

வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தாள். ஜிபிஎஸ் என்று பெரிதாகப் போட்டதற்குக் கீழே, எறும்பு எழுத்தில், கைப்பேசி உடன் இருக்கும்போது என்று இருந்தது. கைப்பேசி இல்லாவிட்டால் அது கைவீச்சை எண்ணி, ஒரு காலடிக்கு இவ்வளவு தூரம் என்று குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. களைத்துப்போய்க் காலடி சிறிதானாலும் அதே கணக்குதான். ஒரு டிரைவர் வாயால் சொன்ன எடையை எட்டு மாதமாக ஒத்துக்கொண்டிருந்தாள் சண்முகசுந்தரி. ஏன் ஒருநாள்கூடச் சோதிக்கத் தோன்றவில்லை என்று அவளுக்கே தெரியும். அது சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

பாலகணேஷிடம் பேசி ஆறாயிரத்துக்கு அந்தக் கீறல் கடிகாரத்தை வாங்கினாள். அதைக் கட்டிக்கொண்டு பத்து ஓடினாள். ஒரு மணி மூன்று நிமிடம் இருபது விநாடி.

அதற்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை துறைமுகச் சாலையில் பெரிய ஓட்டம். ஒரு மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு முன்னால் வேகம் காட்டிக் கொடி பிடித்து ஓடச் சண்முகசுந்தரியின் பெயரைத்தான் விஜிலா கொடுத்திருந்தாள். கொடியை வேண்டாம் என்பது பெரிய காரியமில்லை. கால் வலி என்றால் முடிந்தது. ஆனால் தன் ஐம்பத்தெட்டு நிமிடம் பொய் என்று சொன்னால், அவள் பேச்சைக் கேட்டு வாங்கிய எட்டுப் பேருடைய எண்ணும் பொய்யாகிவிடும்.

"நீ பாட்டுக்குப் புதுசை மாட்டிட்டு ஓடு. அவங்க சந்தோசமா ஓடுதாங்க, ஓடட்டும். யாருக்கு என்ன நட்டம்?" என்றான் லிங்கராஜ்.

ஒரு நாள் முழுக்க அவன் சொன்னதுதான் சரி என்று இருந்தாள். மறுநாள் எடைமேடையில் ஒரு டிரைவர், "நூறு கிலோ முன்ன பின்ன போட்டா யாருக்குத் தெரியப்போவுது?" என்று சிரித்தபடி கேட்டார். லிங்கராஜ் கேட்டதும் இதேதானே என்று அவளுக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை, ஓடி முடித்து எல்லோரும் தண்ணீர் குடிக்கும்போது சொன்னாள்.

"நம்ம வாட்ச்சு போன் இல்லாம தூரத்தைச் சரியாக் காட்டாது. நான் டேப்பு வச்சு அளந்துட்டேன். என் பத்து பத்தே கெடையாது, ஒம்பதே கால். ஒரு மணிக்குள்ள நான் ஓடுனதே இல்ல."

ஒருத்தி கடிகாரத்தைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ என் அஞ்சு?" என்றாள் சந்தனச்செல்வி.

"நாலரைக்கு மேல இருக்கும்க்கா."

"நீ சொன்னேன்னுதான வாங்குனேன். ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் போய்விட்டாள். விஜிலா, "கொஞ்சம் பக்குவமாச் சொல்லியிருக்கலாம்" என்றாள். எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் கடற்கரைக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். கொடி வேறு கைக்குப் போனது. சண்முகசுந்தரிக்கு அவமானமாக இருந்தது. கொடி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். இனி இந்தப் பெண்கள் தன் வாயிலிருந்து வரும் எந்த எண்ணையும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்பதைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. பதினாறு வருடமாக அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் இறால் கம்பெனி வேன் எடைமேடைக்கு எதிரே நின்றது. சந்தனச்செல்வி இறங்கி நேராக ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏளா, நீ அளந்த ரோடு எங்கன இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலை மற்றவர்கள் துறைமுகச் சாலையில் கூடியிருந்த நேரத்தில், இவர்கள் இருவரும் உப்பளத்துச் சாலையில் சுண்ணாம்புக் கோட்டில் நின்றார்கள். சந்தனச்செல்வி கையில் கடிகாரம் இல்லை. கோட்டுக்குக் கோடு ஐந்து தடவை, சண்முகசுந்தரி பக்கத்திலேயே ஓடினாள். ஐந்தாவது தடவை பாதி தாண்டியதும், எட்டு மாதமாக எந்தத் தூரத்தில் நின்று பழகியதோ அந்தத் தூரத்தில் சந்தனச்செல்வியின் கால் தானாகத் தளர்ந்தது.

"முடிஞ்சிட்டா?"

"இல்லக்கா. இன்னும் எட்டு டேப்பு தூரம் இருக்கு."

சந்தனச்செல்வி கடிகாரத்தையும் கடைக்காரரையும் அவளையும் சேர்த்து ஒரு வசவு வைதாள். வைதுகொண்டே ஓடினாள். கோட்டைத் தாண்டி நாலடி போய்ச் சாலையிலேயே உட்கார்ந்தாள்.

"எம்புட்டு?"

"முப்பத்தொம்பது நிமிசம் இருவது செகண்டு."

"இது அஞ்சுதானா?"

"அஞ்சுக்கா."

சந்தனச்செல்வி அந்தக் கீறல் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சண்முகசுந்தரியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"நீ சொன்னா சரிதான்" என்றாள். "நாளைக்கு மத்தவளுகளையும் கூட்டியாரேன். அவளுகளுக்கும் அளந்து சொல்லு."

சண்முகசுந்தரிக்கு அழுகை வந்துவிட்டது. அஞ்சரைக்கு வந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் இந்தச் சாலையில் நிழலே கிடையாது என்று அழுதுகொண்டே சொன்னாள்.