மட்கார்டு கழற்றிய வண்டி

பதினோரு வருடம் என்னிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. அதில் பாதிக் காலம் அதைத் தள்ளிக்கொண்டு நடந்தேன் என்பதை இப்போதுதான் வெளியில் சொல்கிறேன். காலையில் உதைத்துக் கிளம்பாவிட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று, அடுத்த தெரு முனை வரை உருட்டிக்கொண்டு போய் அங்கே வைத்துத்தான் உதைப்பேன். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று தெருவில் நினைத்தார்கள். கஞ்சன் என்ற பெயர் எனக்குச் சம்மதம்தான். வண்டிக்குக் கெட்ட பெயர் வரவில்லையே.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் என் தங்கை கணவர், விளாத்திகுளம் பக்கம் மிளகாய் விவசாயம், பட்டனை அழுத்தினால் கிளம்பும் புது வண்டி வாங்கினார். தேங்காய் வாங்குகிறவனைப் போல அதைத் தட்டிப் பார்த்தேன்.

“பிளாஸ்டிக்கு மாப்ளே. அஞ்சு வருசம் தாங்குமா? என் வண்டி இரும்பு. பேரன் ஓட்டுவான்.”

“பேரன் ஓட்டட்டும் மச்சான். நீங்க எப்ப ஓட்டப் போறிய?”

அந்த ஐப்பசியில் அவர் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்; மாமன் நான் ஒருவன்தான். நல்ல நேரம் பத்தரை வரை. சீர்த்தட்டுகளோடு மனைவி பஸ்ஸில் போனாள். நானும் ஏறியிருக்கலாம். ஆனால் அந்தப் புது வண்டிக்குப் பக்கத்தில் என் வண்டியை நிறுத்திக் காட்டாமல் விடுவதா?

எட்டயபுரம் தாண்டியும் வண்டி பாடிக்கொண்டே போனது. ஊருக்கு இரண்டு மைல் இருக்கையில் இருமி நின்றது. சாய்த்துப் பார்த்தேன். டேங்க் மூடியைத் திறந்து வாயால் ஊதினேன். பிளக்கைக் கழற்றித் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்த்தேன். கோவில்பட்டிக்காரன் பையில் தீப்பெட்டிக்கா பஞ்சம்? பெட்டி தேய்ந்தது, பட்டு வேட்டி கறுத்தது, வண்டி அசையவில்லை.

பத்து மணிக்கு மாப்பிள்ளை புது வண்டியில் வந்து நின்றார். என் மனைவியை அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“அக்காதான் அனுப்பினாவ. ‘அவிய எங்கனயாவது தள்ளிக்கிட்டு நிப்பாவ, போய்க் கூட்டிட்டு வாங்க’ன்னாவ. ஏறுங்க மச்சான்.”

என் வண்டியை ஒரு டீக்கடையில் ஒப்படைத்துவிட்டு ஏறினேன். தார் ரோட்டில் போயிருந்தால் தீர்ந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

“ரோடு சுத்து. காட்டு வழியா விடுங்க. நான் வருசா வருசம் அதுலதான வாரேன்.”

முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஐப்பசி பிறந்ததும் முன் மட்கார்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லாவிட்டால் கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொள்ளும். கழற்றியது என் வண்டி, நான் உட்கார்ந்திருந்தது அவர் வண்டி என்பது நூறு கெஜம் போன பிறகுதான் உறைத்தது. புது மட்கார்டு பனியனைப் போல டயரை ஒட்டி இருந்தது. சக்கரம் இறுகி நின்றது. நாங்கள் இறங்கினோம். ஸ்டாண்டு போடாமலே வண்டி நேராக நின்றது. என்ஜின் மட்டும் பூனை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தரமான என்ஜின், இன்றும் சொல்வேன்.

“ஸ்பேனர எடுங்க மாப்ளே, ரெண்டு நிமிசத்துல கழத்திருதேன்.”

குனிந்து பார்த்தேன். நட்சத்திரம் போலத் தலை உள்ள திருகாணிகள். எந்த ஸ்பேனரும் அதில் உட்காராது.

“இது ஷோரூம்லதான் கழலும் மச்சான்.”

எனக்குப் பொங்கிவந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. “இதே இரும்பா இருந்தா…”

“இரும்பு இப்ப எங்கன நிக்குது?”

டீக்கடையை நினைத்து நானே முதலில் சிரித்தேன். என்ஜினை அணைத்து வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் ஓடினோம். அடிக்கு அடி கால் கனத்து, யானைக் கால்களோடு பந்தலுக்குள் நுழைந்தபோது பத்து இருபத்தைந்து. கழுவ நேரமில்லை. அப்படியே பலகையில் உட்கார்ந்தேன். காது குத்த வந்த ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். அழ வாயைத் திறந்த பிள்ளை என் காலைப் பார்த்தாள்.

“மாமா, பூட்ஸ் போட்டிருக்கியா?”

அவள் கேட்டு முடிப்பதற்குள் ஒரு காது குத்தியாகிவிட்டது. பந்தலே சிரித்தது.

பந்தியில் நான் தீர்ப்புச் சொன்னேன். பழைய வண்டிக்குத் தினமும் சீக்கு. ஆனால் தீப்பெட்டி வைத்தியத்துக்குப் பெரும்பாலும் அடங்கும். புது வண்டிக்குச் சீக்கே வராது. வந்தால் வைத்தியர் டவுனில் இருக்கிறார். ஆகவே எது உழைக்கும் என்றால்… மாப்பிள்ளை மறுக்க வாயெடுத்தார். பக்கத்து இலையில் ஆசாரி ரசத்தை உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார்.

“ரெண்டும் நல்ல வண்டிதான் அண்ணாச்சி. நான் பஸ்ல வந்தேன். பந்தல் வாசல்ல எறக்கிவிட்டான்.”