எர்ணாவூர் மாடியில் ஆறு சர்வர், கீழே தெருவில் ஒரு சாவு வீடு

சின்னதாக ஒரு சர்வர் ஆய்வகம் அமைக்க கரண்ட் எவ்வளவு வேண்டும், ஏசி எத்தனை டன், எந்தச் சாமானை எங்கே வைப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போன சனிக்கிழமை, இந்த 2007 மே வெயிலில், எர்ணாவூர் போய்வந்ததைச் சொன்னால் பதில் கிடைத்துவிடும். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

முன்பு என்னோடு வேலை பார்த்த கல்பனா அங்கே தன் வீட்டு மாடியில் நெட்வொர்க் வகுப்பு தொடங்குகிறாள். ஆறு பழைய சர்வர், ஒன்றரை டன் ஏசி இரண்டு, ஒரு யுபிஎஸ். திட்டம் போட்டுக் கொடுத்தவன் நான். உச்சி வெயிலில் எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தால்தான் குளிர்ச்சி போதுமா என்று தெரியும்.

ராயபுரத்திலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். பத்து கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மின்சார ரயிலில் போங்கள். தெருமுனையில் ஷாமியானா போட்டு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். யார் வீடு என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

"போட்ல போறவரு சார், காலைல பூட்டாரு. மவன் பம்பாய்லேர்ந்து ரயில்ல வந்துகினு கீறான். நாளைக்குத்தான் எடுப்பாங்கோ. அதுவரைக்கும் ஐஸ் பொட்டிலதான்."

கல்பனா தயங்கினாள். "மூணு பேஸ் லைன் இன்னும் வரல. இப்ப வீட்டு லைன்தான் இருக்கு. தெருவுல சாவு வேற. இன்னொரு நாள் பாக்கலாமே?"

ஒரு மணி நேரம்தானே என்றேன். கரண்ட் போனால் சமாளிக்க வாடகைக்குச் சொன்ன ஜெனரேட்டர் குட்டியானை வண்டியில் வந்து இறங்கியிருந்தது. அதைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. மேளச் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினேன்.

இரண்டாவது ஏசியைப் போட்டதும் வெளியே டமார் என்றது. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய்த் தெரு முழுக்கக் கரண்ட் நின்றுவிட்டது. யுபிஎஸ் தாங்கியது, அரை நிமிடத்தில் ஜெனரேட்டரும் பிடித்துக்கொண்டது. ஒரு சர்வர்கூட அணையவில்லை. நான் கைதட்டினேன்.

தட்டிய கை இறங்குவதற்குள் ஒரு பெண் படியேறி வந்து நின்றாள். அழுது வீங்கிய முகம். அந்த வீட்டு மகள், தேவி.

"சார், உங்க ரூம்ல மட்டும் வெளிச்சம் கீது. எங்க நைனா பொட்டிக்குக் கொஞ்சம் கரண்டு குடுப்பீங்களா? அண்ணன் வந்து மொகம் பாக்கணும்."

சர்வர்களை அணைத்துவிட்டு, நானும் கல்பனாவும் நாலு வீடு தாண்டி ஒயர் இழுத்தோம். பெட்டி மறுபடி உறுமத் தொடங்கியது. எனக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கணும் நைனா நீ" என்றார். டீயைக் குடிக்காமல் கீழே வைத்தேன்.

தேவியைத் தனியே கூப்பிட்டு, ஃபியூஸ் போனது என்னால்தான் என்றேன்.

"தெரியும் சார். அக்கா வூட்ல ஒரு ஏசி போட்டாலே தெருவுல லைட்டு மங்கும். எங்க மாமாங்கோ அடிக்கத்தான் கெளம்புனாங்கோ. நான் போய்க் கேக்குறேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்று உள்ளே போனாள்.

மின்வாரிய ஆட்கள் வர மாலை ஐந்தரை ஆகிவிட்டது. அதுவரை அங்கேயே, யார் முகத்தையும் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மூன்று பேஸ் இணைப்பு வாங்காமல் இரண்டு ஏசியை நினைக்காதீர்கள். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல் பக்கம் மாட்டினால் உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடிக்கும். சோதனைக்கு முன் அதே டிரான்ஸ்பார்மரில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று தெருவில் இறங்கி விசாரியுங்கள். தெருவில் சாவு என்றால் அன்றைக்கு எதையும் சோதிக்க வேண்டாம். கையில் ஜெனரேட்டர் இருந்தால் முதல் ஒயரை அந்த வீட்டுக்கு இழுங்கள். அந்த வீட்டுப் பெண்ணைப் படியேறி வந்து கேட்கும்படி வைத்துவிடாதீர்கள்.