வேன் எந்தப் பக்கம் போகும்

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய புத்தூரில் எனக்கு ஒரு மருந்துக் கடை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதியை மட்டும் வாங்கிப் போகிறவர்களைத் தினமும் பார்ப்பேன். அப்படிப்பட்ட குடும்பங்களுக்காக எங்கள் ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. அதன் கமிட்டியில் சேரச் சொல்லி என்னைக் கேட்டபோது, ஏதோ வருஷத்துக்கு ஒரு முறை சால்வை போடுகிற வேலை என்று நினைத்துத்தான் சம்மதித்தேன்.

முதல் கூட்டத்திலேயே அது வேறு மாதிரி இடம் என்று தெரிந்துவிட்டது. சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் சிலர் உண்டு. ஆனால் எதைச் செய்வது, எதை நிறுத்துவது என்று முடிவெடுப்பது கமிட்டி. கமிட்டியில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சங்கத்திடம் உதவி பெற்ற குடும்பங்களிலிருந்து வரவேண்டும் என்பது விதி. யாருக்கும் சம்பளம் கிடையாது. தலைவியாக இருந்தவர் நகரியில் விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிற ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். பேச்சு தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் போய்த் திரும்பவும் தமிழில் வந்து முடியும். அவரவருக்குப் புரிந்த பாஷையில் பேசலாம், புரியாவிட்டால் கேட்கலாம், கேட்டவரைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. இது அவர் வைத்த வழக்கம்.

இன்னொரு வழக்கமும் அவர் கொண்டுவந்ததுதான். ஒரு உறுப்பினரின் தம்பி சங்கத்தில் டிரைவர் வேலைக்கு மனு போட்டிருந்தார். அப்போது தலைவி சொன்னார்: "நம்ம வூட்டு விஷயம் பேசறப்போ நாம வெளிய ஒக்காந்துக்கணும். உள்ள இருந்தா மத்தவங்களுக்கு வாய் வராது." அன்றிலிருந்து அப்படியே நடந்தது.

சங்கத்திடம் இரண்டு வேன்கள் இருந்தன. சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகிறவர்களைத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் அவற்றின் முக்கியமான வேலை. ஒன்று நகரிப் பக்கம் போகும், இன்னொன்று வெதுருகுப்பம் பக்கம். வெதுருகுப்பம் வேனின் என்ஜின் ஒரு நாள் அடியோடு போய்விட்டது. மெக்கானிக் இனிமேல் இதைத் தொட்டுப் பிரயோஜனம் இல்லை என்றார். இரண்டு பக்கத்து நோயாளிகளுக்கும் ஒரே நாட்கள்தான். வேறு நாள் மாற்றித் தரும்படி ஆஸ்பத்திரியில் கேட்டோம். படுக்கை காலி இல்லை என்றார்கள். மீதி இருக்கும் வேன் ஒரு பக்கம்தான் போக முடியும்.

தலைவியின் கணவர் நகரி வேனில் போகிறவர்.

அவசரமாகக் கூட்டம் போட்டோம். தலைவி, "பாக்காம பேச வாணாம். நோயாளிங்க எப்பிடிப் போவாங்களோ நாமளும் அப்பிடிப் போயிப் பாக்கலாம்" என்றார். ஆட்டோ ஓட்டுகிற உறுப்பினர் ஒருவரை நகரியிலிருந்து திருப்பதிக்குப் பாசஞ்சர் ரயிலில் போய்வரச் சொன்னார். வெதுருகுப்பத்துக்கு அவரே போவதாகச் சொல்லி, என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்.

கார்வேட்டிநகரம் வழியாகப் பஸ்ஸில் போனோம். எங்களை இறக்கிவிட்ட கண்டக்டர், அடுத்த பஸ் எப்போது என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வெகு தூரம் நடந்து ஒரு வீட்டுக்குப் போனோம். அங்கே இருந்தவர் முன்பு மாந்தோப்புக் காவலாளி. சர்க்கரை நோயில் ஒரு கால் போயிருந்தது, பிறகு சிறுநீரகமும். எங்களைப் பார்த்ததும் கட்டிலிலிருந்து எழ முயன்றார். முகம் உப்பியிருந்தது. தலைவி அவருடைய மணிக்கட்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்று தெலுங்கில் கேட்டார்.

பக்கத்து வீட்டுப் பையன் தனக்கு வேலை இல்லாத நாளில் அவரைப் பைக்கில் ரோடு வரைக்கும் கொண்டுபோய் விடுவானாம். பஸ் வந்தால் போவாராம். "வராவிட்டால் திரும்பி வந்து படுத்துக்கொள்வேன்" என்று அவர் சொன்னபோது குரலில் குறைபட்டுக்கொள்கிற தொனியே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வருகையில் தலைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

அடுத்த கூட்டத்தில், நாங்கள் பார்த்ததை ஒன்று விடாமல் சொல்லி முடித்ததும் தலைவி எழுந்தார். "இப்போ எங்க வூட்டு விஷயம். நான் வெளிய போறேன். அண்ணா நடத்தட்டும்" என்று என்னைக் காட்டினார்.

"உங்க எண்ணத்த சொல்லிட்டாவது போங்கக்கா" என்றார் ஆட்டோக்காரர்.

"சொல்லிட்டுப் போனா, அப்பறம் நான் வெளிய ஒக்காந்து இன்னா பிரயோஜனம்?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனார். யார் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டேன். முதலில் ஒரு அம்மா சொன்னார்: "இத்தினி வருசமா நமக்கு ஒழைக்கிறா. அவ வூட்டுக்காரரு ஏறிக்கினு இருக்கிற வண்டிய எப்பிடி எடுக்கறது?" பலர் தலையாட்டினார்கள். எனக்கும் அதுதான் தோன்றியது.

ஆட்டோக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் ரயில்ல போயி வந்தேன். கூட்டம்தான். ஆனா கூட ஒரு ஆளு இருந்து ஏத்தி எறக்கினா போயிடலாம். அந்தப் பக்கம் ஆளு இருந்தாகூட பஸ்ஸு லேது. எனக்கும் சொல்ல மனசு வரல சார். பாத்ததச் சொல்லணும்ல."

கை தூக்கச் சொன்னேன். வெதுருகுப்பத்துக்காக ஒவ்வொரு கையாக மெதுவாக எழுந்தது. எல்லாருக்கும் கடைசியாக எழுந்தது ஆட்டோக்காரருடைய கை.

தலைவி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தே, "வெதுருகுப்பம்தானேண்ணா?" என்றார். ஆமாம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, "சரி, உள்ள போலாம். நகரிக்காரங்களுக்கு இன்னா பண்றதுன்னு பேசணும்ல" என்றார். அவருடைய கணவரைப் போலவே அந்த வேனை நம்பியிருந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களுடைய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தார்.

முதல் நாள் மோசமாகத்தான் போனது. சிகிச்சை முடிந்து திரும்பும்போது அவருடைய கணவருக்குத் திருப்பதி ஸ்டேஷனில் மயக்கம் வந்து, பிளாட்பாரத்திலேயே படுக்க வைக்க வேண்டியதாயிற்று. நகரியில் சிலர் தலைவியின் வீட்டு வாசலுக்கே வந்து, சொந்த ஊருக்கு இருந்த வண்டியை விட்டுக்கொடுத்துவிட்டு என்ன தலைமை என்று கேட்டார்கள். அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. உட்காரவைத்து, அந்த மாந்தோப்புக்காரரைப் பற்றிச் சொன்னார். பிறகு, "ரயில்ல கூடப் போறதுக்கு வாரத்துல ஒரு நாளு நீங்க வருவீங்களா?" என்று கேட்டார். கோபமாக வந்தவர்களில் இரண்டு பேர் சம்மதித்தார்கள். தறி வேலைக்காரர்கள் தங்களுக்குள் நாள் மாற்றிக்கொண்டு துணைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஆட்டோக்காரர் தனக்குத் தெரிந்த திருப்பதி ஆட்டோக்காரர்களிடம் பேசி, ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட ஏற்பாடு செய்தார். புதன்கிழமைகளில் என் கடையை மனைவி பார்த்துக்கொள்ள, நான் புத்தூரில் அதே ரயிலில் ஏறிக்கொள்வேன்.

அப்படி ஒரு புதன்கிழமை தலைவியின் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அந்த முடிவில் வருத்தம் உண்டா என்று கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"அவ தலைவியான அன்னிக்கே நெனச்சேன் சார், எனக்கு இன்னாவோ ஒண்ணு கீதுன்னு." சிரித்துவிட்டு, "வேன்ல போறப்போ ஏறினா தூங்கிடுவேன். இதுல ஒங்கள மாதிரி யாராச்சும் வந்து பேசிக்கினு இருக்கீங்க. தூங்கத்தான் வுட மாட்டேன்றீங்க" என்றார்.

சில மாதங்களில் மாந்தோப்புக்காரரின் வீக்கம் வற்றியது. வேன் தவறாமல் போனதால் சிகிச்சையும் தவறவில்லை. கமிட்டியில் வெதுருகுப்பம் பக்கத்து ஆள் ஒருவரும் இல்லை என்பதைத் தலைவி எடுத்துச் சொன்னதால், அவரைச் சேர்த்துக்கொண்டோம். அவரால் படி ஏற முடியாது என்பதால், மாடியில் நடந்துவந்த கூட்டத்தைக் கீழே இருந்த துணிக்கடையின் பின்னறைக்கு மாற்றினோம்.

அவர் வந்த முதல் கூட்டத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்களைப் புத்தூரில் இறக்கிச் சூடாகச் சாப்பாடு போட்டு அனுப்பலாம் என்று தலைவி ஒரு யோசனை வைத்தார். எல்லாருக்கும் பிடித்திருந்தது. மாந்தோப்புக்காரர் மட்டும் கை தூக்கினார். வேண்டாம் என்றார் தெலுங்கில். சிகிச்சை முடிந்த உடம்புக்கு எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றுதான் இருக்கும், வழியில் நிறுத்தினால் சோறு இறங்காது, அதற்குப் பதிலாக வேனில் ஒரு மெத்தைப் பலகை போடுங்கள் என்றார். தலைவி விடவில்லை. இவரும் விடவில்லை. வாதம் நன்றாகவே சூடு பிடித்தது. கடைசியில் கை தூக்கச் சொன்னபோது தலைவியின் யோசனை தோற்றது.

கூட்டம் முடிந்து அவரை வேனில் ஏற்றிவிட்டு, நானும் தலைவியும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"நல்ல ஆளத்தான் சேத்துக்கினோம்ணா" என்று சொல்லிவிட்டு, நகரி பஸ் கிளம்புவதைப் பார்த்து வேகமாக நடந்து போனார்.