தழும்பின் மேல் ஒட்டிய ஜெம் கிளிப்

எம்ஆர்ஐ அறை வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்போம். அதைத் தாண்டுவதற்கு முன் நோயாளியிடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்க வேண்டும்: உடம்பில் எங்காவது இரும்பு இருக்கிறதா? ரிசப்ஷனில் ஒரு முறை, உடை மாற்றும்போது ஒரு முறை, கோட்டருகே ஒரு முறை. உள்ளே இருக்கும் காந்தத்துக்கு ஓய்வு கிடையாது. மெஷினில் யாரும் படுத்திருக்காத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சாவி, கத்தரிக்கோல், ஆக்சிஜன் சிலிண்டர், எதுவானாலும் பறந்து போய் ஒட்டிக்கொள்ளும். உடம்புக்குள் இருக்கும் இரும்பையும் அது விடாது.

எங்கள் ஸ்கேன் சென்டரில் இப்போது நான்தான் சீனியர் டெக்னீஷியன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே சவரிராயன் ஐயாவைப் பற்றியும் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

1. சிவப்புக் கோடு

மதிய நேரம். புதுச்சேரியில் கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்குகிற நேரம் அது. எங்கள் சென்டருக்குள்ளும் ஏ.சி.யின் முனகலைத் தவிர சத்தமில்லை. முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சீட்டோடு வந்திருந்தார் சவரிராயன் ஐயா. எண்பதைத் தாண்டியவர். நேராக நிற்பார், ஆனால் நடக்கும்போது வலது காலைக் கொஞ்சம் தாமதமாகக் கூட்டிக்கொண்டு வருவார். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர் கையைவிட்டுப் போன காலத்தில் அவர்களுடைய பட்டாளத்தில் சேர்ந்தவர்களைச் ‘சொல்தா’ என்போம். அவர் ஒரு சொல்தா.

மூன்று முறை கேட்டோம். மூன்று முறையும், “நோன், மத்மசேல்” என்று, இல்லையம்மா என்பதைப் பிரெஞ்சில், பணிவாகச் சொன்னார். நீல கவுனில் கோட்டருகே நின்றார். அவருடைய பெல்ட், வாட்ச், ஜெபமாலை எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் மனைவி லூர்து அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“இந்த மெஷினாச்சும் இவரப் பார்த்து கத்தாம இருந்தா சரி, பாப்பா,” என்றார் அந்த அம்மா. “பாரீசுல மவன் வூட்டுக்குப் போனப்ப, ஏர்ப்போர்ட்டுல பெல்ட்ட கழட்டியாச்சு, ஷூவ கழட்டியாச்சு. இவரு போனா மட்டும் அந்தக் கம்பி கீ கீன்னு கத்துது. எனக்கு மானமே போச்சு.”

கதவின் கைப்பிடியில் என் கை இருந்தது. எடுத்துவிட்டேன்.

“ஐயா, கொஞ்சம் உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, என் முகம் அவர் முகத்துக்கு நேராக வரும்படி உட்கார்ந்து, நான்காவது முறையாக அதே கேள்வியைக் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

“எதுக்கும் ஒரு படம் புடிச்சிப் பாரு, மத்மசேல். இருந்தாலும் இருக்கும்.”

எக்ஸ்ரேயில் எலும்பு பல சாயல்களில் தெரியும். இரும்புக்கு ஒரே சாயல், முழு வெள்ளை. ஐயாவின் முதுகெலும்பு மார்கழிக் காலைக் கடற்கரைபோல மங்கலாகத் திரையில் வந்தது. அதன் பக்கத்தில், பனிக்குள் எரிகிற ஒற்றைத் தெருவிளக்குபோல, புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு.

லூர்து அம்மா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

“இன்னா அது?”

“இரும்புத் துண்டு மாதிரி இருக்குதும்மா.”

“இவரு உள்ளயா?” திரையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஃபுட்பால் ஆடி கால்ல அடிபட்டுதுன்னு சொல்லித்தான என்னக் கட்டுனீங்க? எந்த ஊர்ல இரும்பு வச்சி ஃபுட்பால் ஆடுறான்?”

“அல்ஜெரி சண்டையில பட்டது,” என்றார் ஐயா, கவுனின் நாடாவை முடிந்துகொண்டே.

2. எந்தப் பக்கம் குத்திக்கொள்வது

இரும்பு இருக்கிறவருக்கு எம்ஆர்ஐ இல்லை. டாக்டர் சி.டி. ஸ்கேனாக மாற்றி எழுதினார். அடுத்த வாரம் வந்தபோது அவர்களோடு எத்தியேன் சாரும் வந்திருந்தார். அவரும் சொல்தாதான். மற்ற சொல்தாக்களுக்குப் பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுக்கிறவர். சட்டைப் பையில் இரண்டு பேனா.

விஷயத்தை அவர்தான் சொன்னார். போரில் காயம்பட்டவர்களுக்கு பிரெஞ்சு அரசாங்கம் ஒரு பதக்கம் கொடுக்கிறது; சொல்தாக்கள் அதை ‘மெதாய்’ என்பார்கள். எத்தனை வருடம் கழித்தும் கேட்கலாம். காயத்துக்கு டாக்டரின் அத்தாட்சி வேண்டும்.

“பதக்கம் கேளுங்கன்னு லூர்து சொல்றா. கேட்டா கெடைக்கும். ஆனா இவன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறான்,” என்றார் எத்தியேன் சார். “காயம் பட்ட எடம் அப்டி. ஏண்டா சவரி, மெதாய் வந்தா எந்தப் பக்கம்டா குத்திக்குவ? முன்னாலயா, பின்னாலயா?”

“நீ வாய மூடு,” என்றார் லூர்து அம்மா. ஆனால் அவருக்கும் உதடு துடித்தது.

ஐயா சிரிக்கவில்லை. தழும்பு வலது புட்டத்தின் அடியில் இருந்தது. போரில் முதுகு காட்டியவன் என்ற சொல் நம் ஊரில் எவ்வளவு பழையது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஃபுட்பால் கதைக்குக் காரணம் எனக்கு அப்போது புரிந்துவிட்டதாக நினைத்தேன். பாதிதான் புரிந்திருந்தது.

3. மூடி

இது வேலை சம்பந்தப்பட்டது, கவனித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து ஏதாவது உள்ளே போயிருந்தால், படம் எடுப்பதற்கு முன் அது நுழைந்த இடத்தில் தோலின் மேல் ஓர் அடையாளம் ஒட்ட வேண்டும். தழும்பு படத்தில் தெரியாது. ஒரு ஜெம் கிளிப்பும் பிளாஸ்திரியும் போதும். டாக்டர், “கிளிப் வச்சி எடும்மா,” என்று சொல்லி அனுப்பினார்.

ஐயாவைக் குப்புறப் படுக்க வைத்தேன். கிளிப்பை ஒட்டினேன். முகம் சுவர்ப்பக்கம் இருந்ததாலோ என்னவோ, கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

“நான் துப்பாக்கி புடிச்ச ஆளு இல்ல, மத்மசேல். குசினியில சமையலுக்கு இருந்தேன். மலை மேல காவல் நிக்கிறவங்களுக்கு சூப்பு கொண்டுபோவணும். பெரிய பானை. ஒரு கழியில மாட்டி ரெண்டு பேரு தூக்குவோம். முன்னால இஞ்ஞாசி, காரைக்கால் பையன். பின்னால நானு. ஒரே பனி. அவன் முதுகுகூட தெரியாது. பாட்டு மட்டும் கேக்கும்.”

டேபிளின் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

“பானை மூடி சரிஞ்சி கீழ வுழுந்து உருண்டுது. நான் கழிய எறக்கி வச்சிட்டுத் திரும்புனேன். குண்டு வுழுந்துது. இஞ்ஞாசி அங்கியே போயிட்டான். எனக்கு இது.”

“மூடி எடுக்கத்தான ஐயா திரும்புனீங்க?”

“அதான் தெரில. கனவு வரும். ஒரு கனவுல மொதல்ல மூடி வுழுவும், அப்புறம் குண்டு. இன்னொண்ணுல மொதல்ல குண்டு கூவிக்கினு வரும், நான் அவன வுட்டுட்டுத் திரும்பி ஓடுவேன், அப்புறந்தான் மூடி வுழுவும். ரெண்டும் ஒரே மாதிரி நெசமா இருக்குது. சில நாளு மூடி உருண்டுக்கினே போவும். மலைய வுட்டு எறங்கி, கடலத் தாண்டி, நம்ம பீச் ரோட்டுல வந்து சுத்தி சுத்தி நிக்கும்.”

பிறகு கேட்டார். “படத்துல தெரியுமா, மத்மசேல்? நான் ஓடுனேனா இல்லியான்னு? ஓடுனவனுக்கு மெதாய் கெடையாது. எவன் குடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.”

இவ்வளவு வருடமாக அவர் பதக்கம் கேட்காததற்குக் காரணம் ஊர்ச்சிரிப்பு மட்டும் இல்லை. ஓடினாரா இல்லையா என்பது அவருக்கே தெரியவில்லை.

“இரும்பு எங்க இருக்குன்னு தெரியும், ஐயா. மத்தத டாக்டர்தான் சொல்லணும்.”

கன்ட்ரோல் அறைக்குப் போய், மைக்கில், “மூச்ச இழுத்துப் புடிங்க,” என்றேன். சி.டி.யின் வளையம் சுழல ஆரம்பித்தது. அதன் சத்தத்தை நான் தினமும் கேட்கிறேன். அன்று முதல்முறையாக அது, தகர மூடி ஒன்று வெகுதூரத்தில் நிற்காமல் உருள்வதுபோல இருந்தது. படம் முடிந்து ஸ்பீக்கரில் ஐயாவின் குரல் வந்தது. “இதான் அந்த சத்தம்.”

4. டாக்டர் குனிந்தார்

எங்கள் டாக்டர் படம் பார்க்கிற அறையில் விளக்குப் போட மாட்டார். இருட்டில் பக்கவாட்டுப் படம் மட்டும் ஒளிர்ந்தது. கீழே, புட்டத்தின் அடியில், ஜெம் கிளிப்பின் சின்ன வளைவு. மேலே, இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டி, முதுகுத் தசைக்குள் இரும்புத் துண்டு. டாக்டர் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தார். கோடு ஏறக்குறைய செங்குத்தாக நின்றது.

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஐயாவையும் மற்ற இருவரையும் உள்ளே கூப்பிடச் சொன்னார்.

“பெரியவரே, நிக்கிற ஆளுக்கு இப்டிப் படணும்னா குண்டு தரைக்குள்ளேர்ந்து வரணும். ஓடுற ஆளுக்கும் அதேதான்.” சட்டென்று நாற்காலியிலிருந்து எழுந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பேனாவைக் கீழே போட்டு, அதை எடுக்க நன்றாகக் குனிந்தார். “ஸ்கேல வைம்மா.”

நான் மேசையிலிருந்த ஸ்கேலை, டாக்டர் மேல் படாமல், கிளிப் இருந்த உயரத்திலிருந்து துண்டு இருந்த இடம் வரைக்கும் பிடித்தேன். ஸ்கேல் தரைக்கு இணையாக நின்றது. அவருக்குப் பின்னாலிருந்த சுவரிலிருந்து நேரே வருவதுபோல.

“சேசுவே,” என்று லூர்து அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குனிந்திருந்த டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நிமிர்ந்ததும் அவர் முகம் பழையபடி ஆனது. “முழுசா சத்தியம் பண்ண மாட்டேன். உள்ள போற துண்டு கொஞ்சம் தெச மாறும். ஆனா குனிஞ்சிருந்த ஆளுக்குப் பட்ட காயம்னு எழுதலாம். பழைய குண்டுச் சில்லுன்னும் எழுதலாம். ஏன் குனிஞ்சீங்கன்னு நான் எழுத முடியாது. படத்துல அது இல்ல.”

ஐயா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஓடல?”

“இவ்ளோ குனிஞ்சிக்கினு யாரும் ஓட முடியாது, பெரியவரே.”

“பயந்து குனிஞ்சிருந்தா?”

லூர்து அம்மாதான் பேசினார்.

“பயந்தா இன்னா இப்ப? குண்டு வுழுற எடத்துல ஒக்காந்து பல்லாங்குழியா ஆடுவாங்க? இதுக்கா இத்தினி வருசம் என்கிட்ட ஃபுட்பாலு ஃபுட்பாலுன்னீங்க? அந்தப் புள்ள பேர எழுதுங்க மொதல்ல. இஞ்ஞாசி.”

எத்தியேன் சார் பேனாவைத் திறந்தார். “நண்பனைக் காப்பாற்றப் போகையில்னு எழுதுறேன். கேக்க நல்லாருக்கும்.”

“வேணாம். மூடி எடுக்கக் குனிஞ்சேன்னு நெனக்கிறேன். அப்டி எழுது.”

“நெனக்கிறேன்னு எழுதுனா எவண்டா மெதாய் குடுப்பான்? குனிஞ்சேன்னு முடிச்சிடறேன்.”

“அந்த ‘நெனக்கிறேன்’ இருந்தாத்தான் கையெழுத்து. குடுக்காட்டி போறான்.”

அன்று கனகசெட்டிக்குளம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலோரம் கண் அயர்ந்துவிட்டேன். ரோட்டோரத்தில் பஸ்ஸோடு கூடவே ஏதோ உருண்டு வந்துகொண்டிருந்தது.

5. டிரே

மழைக்காலம் வந்தது. சவரிராயன் ஐயாவும் வந்தார், இருமலோடு. மார்பு எக்ஸ்ரே. கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்கு மாலை போடுகிற நாள் அது. அங்கிருந்து நேராக வந்திருந்தார்கள். அவர் கோட்டும் டையும் போட்டிருந்தார். இடது மார்பில் ரிப்பனோடு ஒரு சிவப்பு நட்சத்திரம்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னார். “இருக்குது, மத்மசேல். வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. வெளிய இருக்கறதக் கழட்டிடறேன். உள்ளது அங்கியே இருக்கட்டும்.”

“அந்த ‘நெனக்கிறேன்’னையும் படிச்சிட்டுத்தான் பிரெஞ்சுக்காரன் குடுத்திருக்கான், பாப்பா,” என்றார் லூர்து அம்மா. “எத்தியேனுக்கு ரெண்டு நாளா பேச்சே இல்ல.” கணவரின் கோட்டிலிருந்து பதக்கத்தை அவரே கழற்றி, ஜெபமாலையோடு டிரேயில் வைத்தார்.

ஐயாவை ஸ்டாண்டில் சாய்த்து, தோளை முன்னால் தள்ளி நிறுத்தினேன். அவர் காதருகே மெதுவாகக் கேட்டேன். “இன்னும் அந்தக் கனவு வருதா, ஐயா?”

“வருது. மூடி வுழுவுது, உருளுது. ஆனா இப்பல்லாம் நான் எடுக்கறதுக்கு முன்னாடி இஞ்ஞாசி எடுத்துடறான். எடுத்து, இந்தாடான்னு நீட்டுறான்.”

“மூச்ச இழுத்துப் புடிங்க,” என்றேன்.

புதியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. தழும்பு எங்கே இருந்தாலும் வெட்கப்படாமல் கேட்டு, முதலில் கிளிப்பை ஒட்டுங்கள். எங்கே என்பது படத்தில் வரும், ஏன் என்பது வராது. வராததை ரிப்போர்ட்டில் தேடாதீர்கள். சிவப்புக் கோட்டருகே சுவரில் அந்த ஒரே கேள்வியை மூன்று வரியாக அச்சடித்து ஒட்டியிருக்கிறோம். அதற்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவில் இருக்கும் நான்காவது வரி என் கையெழுத்து: ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். பிறகு கேள்.