ரஹ்மத் பீவி பச்சைக் கட்டத்துக்கு வந்த விதம்

1. புது டாக்டர்

பொறுப்பேற்ற முதல் நாளே புது டாக்டர் நேராக என் அறைக்கு வந்தார். வந்ததும் சுவரில் ஒட்டியிருந்த பி.எம்.ஐ. சார்ட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சர்க்கரை நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

"சிஸ்டர், இது எந்தக் காலத்து சார்ட்? இருபத்தஞ்சு வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கு. அது வெள்ளைக்காரங்க உடம்புக்கு. நம்ம ஆளுங்களுக்கு இருபத்திமூணுலயே நிறுத்தணும். இத வச்சுக்கிட்டு எத்தன பேர வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்க?"

அவர் சொன்னது சரிதான். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷத்தில்தான். அதனால்தான் பின்னால் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முப்பத்திரண்டு வருஷம் அரசு நர்ஸாக இருந்தேன். சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு வருஷம் சர்க்கரை, பிரஷர் பிரிவு என் கையில் இருந்தது. எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. இப்போது அங்கே வேலை பார்க்கிறவர்கள் இதற்குப் பொறுப்பு இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த பி.எம்.ஐ. கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கிலோவில் எடை. மீட்டரில் உயரம். உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, வந்ததைக் கொண்டு எடையை வகுக்க வேண்டும். நம் ஊர் ஆட்களுக்குப் பதினெட்டரைக்குக் கீழே போனால் எடை போதாது. பதினெட்டரையிலிருந்து இருபத்திமூன்றுக்குள் இருந்தால் சரி. இருபத்திமூன்றைத் தொட்டால் எடை கூடுதல். இருபத்தைந்தும் அதற்கு மேலும் உடல் பருமன். நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேருகிற உடம்பு. மற்ற நாட்டுக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால்தான் நம் கட்டம் சின்னது. இடுப்பையும் டேப் வைத்துப் பார்க்கணும். பெண்ணுக்கு எண்பது சென்டிமீட்டர், ஆணுக்குத் தொண்ணூறு. அதைத் தாண்டினால் எண் சரியாக இருந்தாலும் கவனிக்க வேண்டும்.

இதெல்லாம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வந்த முதல் வாரத்திலேயே எடை மெஷினைச் சரிபார்க்க வைத்தார். செருப்போடு உயரம் எடுக்கிற பழக்கத்தை நிறுத்தினார். பழைய உயரங்களை நம்பாமல் எல்லோருக்கும் திரும்ப அளக்கச் சொன்னார். கம்ப்யூட்டரில் எண்ணைப் போட்டால் சரியான எடைக்குப் பச்சை, கூடுதலுக்கு மஞ்சள், பருமனுக்குச் சிவப்பு என்று கட்டம் நிறம் காட்டும். சிவப்பில் இருப்பவர்களைப் பச்சைக்குக் கொண்டுவருவது என்று ஒரு திட்டம் போட்டார். பச்சைக்கு வந்தவர்களின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் வாசல் போர்டில் ஒட்டுவோம், விழா வைப்போம் என்றார். தை மாதம் தொடங்கினோம். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சிஸ்டர், இந்த மாசம் எத்தன பேர் பச்சை?"

2. ரஹ்மத் பீவி

ரஹ்மத் பீவிக்கு நாற்பத்தாறு வயது. வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டியும் ஜாக்கெட்டும் தைப்பாள். புருஷன் துபாயில். மகள் ஷமீமா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக எங்களிடம்தான் சர்க்கரைக்கு மாத்திரை வாங்கினாள். வாய் ஓயாமல் பேசுவாள். என் ஜாக்கெட்டெல்லாம் அவள் தைத்ததுதான்.

தை மாதம் அவள் உயரம் நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர், எடை அறுபத்தாறு. இருபத்தெட்டரை வந்தது. கட்டம் சிவப்பு.

டாக்டர் வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தன தடவம்மா சாப்பிடுற? உக்காந்த இடத்துலயே தின்னா இப்படித்தான் ஆகும்."

அவள் முகம் சுண்டிவிட்டது. பிறகு என்னிடம் வந்து, "தைக்கவ உக்காந்துதான சிஸ்டர் தைக்கணும்? நின்னுக்கிட்டா தைப்பாவ?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது.

இருந்தாலும் அவள் ரோஷக்காரி. காலையில் வாய்க்கால் கரையில் ஷமீமாவோடு நடக்க ஆரம்பித்தாள். மாசியில் ஒரு கிலோ குறைந்தது. அந்த ஒரு கிலோ அவள் நடந்து குறைத்தது. அதற்குப் பிறகு குறைந்த ஒரு கிலோகூட அவள் குறைத்தது இல்லை.

பங்குனியில் அறுபத்திமூன்று. சித்திரையில் அறுபது. வெயில் தாங்காமல் நடப்பதை அதற்குள் நிறுத்திவிட்டாள். எடை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

வைகாசியில் மெஷினில் ஏறி இறங்கியதும் சொன்னாள். "சிஸ்டர், நான் ஒண்ணும் கொறைச்சுச் சாப்பிடல. சோறு எறங்க மாட்டேங்கு. ரெண்டு வாய் வச்சா போதும்னு ஆயிருது. சாயங்காலம் ஆனா உடம்பு கதகதன்னு இருக்கு. இருமலும் விட மாட்டேங்கு."

எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். "டாக்டர்கிட்ட சொல்லும்மா" என்றேன்.

அவரிடமும் சொன்னாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், காதில் விழுந்தது. அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "துணித் தூசியா இருக்கும்மா. சாப்பாடு குறைஞ்சது நல்லதுதானே? இன்னும் நாலு கிலோ. விட்டுறாத" என்றார். இருமலுக்கு ஒரு மருந்து எழுதினார். சர்க்கரையும் அந்த மாதம் கூடித்தான் இருந்தது. மாத்திரையைக் கூட்டினார்.

3. பாராட்டு விழா

ஆடி மாதம் ஐம்பத்திமூன்று கிலோ. இருபத்திரண்டு புள்ளி ஒன்பது. கட்டம் பச்சையானது.

டாக்டர் எழுந்து நின்று கை கொடுத்தார். "இதான் நம்ம ஸ்டார்!"

அடுத்த வியாழக்கிழமை நிலையத்தின் முன்னால் பந்தல் போட்டு விழா வைத்தோம். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ரஹ்மத் பீவியை மேடையில் ஏற்றிச் சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்று படி ஏறுவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. முக்காட்டின் முனையை வாயில் வைத்து இருமினாள். படம் எடுத்தவர், "அம்மா, துணிய எடுத்துட்டு கொஞ்சம் சிரிங்க" என்றார். சிரித்தாள். கன்னம் இரண்டும் ஒட்டிப்போய் இருந்தது.

முன் வரிசையில் உட்கார்ந்து நான் கை தட்டினேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் நோயாளிகளைப் பார்த்த கண் இது. ஓ.பி. வரிசையில் நூறு பேரில் யாருக்குக் காய்ச்சல் என்று தொடாமலே சொல்லுவேன். அந்தக் கண்ணுக்கு அன்று ஓர் எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

4. அளவு நோட்டு

விழா முடிந்து நாலாம் நாள், தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்க அவள் வீட்டுக்குப் போனேன். ரஹ்மத் பீவி தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெஷினில் ஷமீமா இருந்தாள்.

"உம்மாவால மிதிக்க முடியல சிஸ்டர். ஒரு நைட்டிக்குள்ள மூச்சு முட்டிருது. பாதியில எந்திச்சிருதாவ" என்றாள் ஷமீமா.

ரஹ்மத் பீவி அளவு நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். வாடிக்கைக்காரர்களின் அளவெல்லாம் எழுதியிருக்கும் நோட்டு. கடைசிப் பக்கத்தில் அவளுடைய அளவை எழுதி வைத்திருந்தாள். தன் ஜாக்கெட் தொளதொளத்து, அதைச் சிறிதாக்கிப் பிடித்துத் தைக்கும்போதெல்லாம் குறித்ததாம். நாலு தடவை பிடித்திருக்கிறாள்.

"பாருங்க சிஸ்டர். இடுப்பு கொறைஞ்சா சரி. கை கொறைஞ்சிருக்கு. தோள் கொறைஞ்சிருக்கு. நான் எத்தனையோ பொம்பளையளுக்கு அளவெடுத்திருக்கேன். பட்டினி கெடந்து எளைச்சவளுக்குக்கூடத் தோள் அளவு இப்படிக் கொறைஞ்சு பாத்ததில்ல. எனக்கு என்னமோ செய்யுது. நீங்களாவது சொல்லுங்க."

நான் நோட்டைக் கீழே வைத்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சாயங்காலம் ஐந்து மணி. கொதித்தது. ஜாக்கெட்டை அங்கேயே போட்டுவிட்டு, மறுநாள் காலையில் முதல் ஆளாக வரச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் சளி எடுத்துப் பக்கத்து அறையில் கொடுத்தோம். என் மேஜையிலிருந்து அந்த லேப்புக்குப் பத்தடி. சளி டப்பா எப்போதும் அங்கே அடுக்கி வைத்திருக்கும். பரிசோதனை இலவசம். மருந்து இலவசம். அந்தப் பத்தடி நடக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

டி.பி. பாசிட்டிவ் என்று வந்தது. பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் இடது நுரையீரலின் மேல் பகுதி குழி விழுந்து கிடந்தது.

5. இரண்டு ரிஜிஸ்டர்

சர்க்கரை நோயாளிகளுக்கு டி.பி. சுலபமாக வரும். அதனால் மாதாமாதம் நாலு கேள்வி கேட்டு ஒரு ரிஜிஸ்டரில் குறிக்க வேண்டும் என்பது விதி. இருமல் உண்டா? காய்ச்சல் உண்டா? வேர்வையில் நனைகிறீர்களா? எடை குறைந்ததா?

ரஹ்மத் பீவியின் பக்கத்தைப் புரட்டினேன். வைகாசி, ஆனி, ஆடி. நாலு கேள்விக்கும் "இல்லை". என் கையெழுத்து. சாயங்காலம் ஓ.பி. முடிந்தபிறகு மொத்தமாகக் குறித்துத் தள்ளுவோம். பச்சைத் திட்டத்து ரிஜிஸ்டரில் அவள் எடை குறைந்தது சாதனை. இந்த ரிஜிஸ்டரில் அதே எடை குறையவே இல்லை. இரண்டும் ஒரே மேஜையில், ஒரே பேனாவால் எழுதியவை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

"சார், ரஹ்மத் பீவிக்கு டி.பி."

அவர் முகம் மாறியது. "எப்ப இருந்து இருமல்?"

"வைகாசியில இருந்து. உங்ககிட்ட சொன்னா. துணித் தூசின்னு சொன்னீங்க. சோறு எறங்கலன்னு சொன்னா. நல்லதுன்னு சொன்னீங்க."

"ஞாபகம் இல்ல சிஸ்டர். சரி, ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சுருங்க. குணமாயிடும்."

"போர்டுல இருக்க அவ படத்த எடுத்துருதேன் சார். மாவட்டத்துக்கும் எழுதிருவோம்."

"எதுக்கு? வெயிட் குறைஞ்சது உண்மைதானே? நம்ம ரிப்போர்ட்ல தப்பான நம்பர் ஒண்ணாவது இருக்கா?"

அதுவரை எந்த டாக்டரிடமும் குரல் உயர்த்தியது கிடையாது.

"நம்பர் எல்லாம் சரிதான் சார். அவ எப்படிக் கொறைஞ்சான்னு நாம ஒருத்தரும் கேக்கல. அவளா வந்து சொன்னதையும் காதுல வாங்கல. மூணு மாசம் அந்தப் பொம்பள இருமிக்கிட்டே இங்கன வந்து போயிருக்கா. நோவுல எளைச்சவள மேடையில ஏத்திச் சிரிக்கச் சொல்லியிருக்கோம். அந்தப் படம் இன்னைக்கு வாசல்ல தொங்குது. பாக்கதவ எல்லாம் அவள மாதிரி ஆவணும்னு நெனைப்பாவ."

"மெதுவா பேசுங்க, வெளிய ஆளுங்க இருக்காங்க."

"கேக்கட்டும் சார்."

வெளியே போய்ப் படத்தைப் பிய்த்து எடுத்தேன். போர்டின் மேல்தாளும் சேர்ந்து கிழிந்தது. ஓ.பி. வரிசை முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் எனக்கு மெமோ வந்தது. அலுவலக விளம்பரப் பலகையைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. ரஹ்மத் பீவியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. நான் இரண்டு பக்கம் பதில் எழுதினேன். எடைப் பட்டியலை மாதவாரியாக வைத்தேன். நோயாளியிடம் கேட்காமல் "இல்லை" என்று குறித்தது நான்தான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நர்ஸ் சங்கத்துக்காரர் ஒருவர், "அத எதுக்கு எழுதுதீங்க சிஸ்டர்? நீங்களே தலைய குடுக்கீங்களே" என்றார். அதை எழுதாவிட்டால் மற்றதை எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆறு மாதம் கழித்து என்னை நாங்குநேரி பக்கம் மாற்றினார்கள். டாக்டர் மேல்படிப்புக்கு இடம் கிடைத்துப் போனார். அவர் சோம்பேறி இல்லை, ஒன்றும் தெரியாதவரும் இல்லை. அப்படி இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. அட்டவணையை அக்கு வேறு ஆணி வேறாகத் தெரிந்தவர், எதிரே இருமியவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

6. பிழைத்தாள்

ரஹ்மத் பீவி பிழைத்தாள். மருந்து தொடங்கிய இரண்டாம் மாதமே சோறு இறங்கியது. ஆறு மாத மருந்து முடிந்தபோது ஐம்பத்தேழு கிலோ. மாற்றல் ஆகிப் போவதற்கு முன் கடைசியாக நான் எடை பார்த்தது அவளுக்குத்தான். எண்ணைப் போட்டதும் கம்ப்யூட்டர் மஞ்சள் காட்டி, எடையைக் குறைக்க அறிவுரை கூறவும் என்றது. நான் ஒன்றும் கூறவில்லை. "நல்லா சாப்பிடு ரஹ்மத்து" என்று சொல்லி அனுப்பினேன். ஷமீமாவுக்கு நோய் தொற்றவில்லை. தடுப்பு மாத்திரை கொடுத்து முடித்தோம்.

கிளம்புகிற அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வேலையில் நோயாளியிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் இல்லை. எனக்கும் அது புதிது, பைய ஆரம்பித்தேன்.

அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. "நான் ரெண்டு பேருகிட்டயும் சொன்னேன்லா சிஸ்டர்" என்றாள். அவ்வளவுதான்.

புதிதாக வருகிற பிள்ளைகளே, அந்த எண்ணைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருபத்திமூன்று முக்கியம், பதினெட்டரையும் முக்கியம். செருப்பைக் கழற்றச் சொல்லி ஒழுங்காக அளந்து எழுதுங்கள். ஆனால் எடை குறைந்து ஓர் ஆள் வந்து நின்றால், வாழ்த்துவதற்கு முன்னால் எப்படிக் குறைந்தது என்று கேளுங்கள். நடந்தீர்களா, சாப்பாட்டை நீங்களாகக் குறைத்தீர்களா, இல்லை தானாகக் குறைகிறதா? கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேனாவைக் கீழே வையுங்கள்.

ரஹ்மத் பீவி இப்போது ஷமீமாவோடு சேர்ந்துதான் தைக்கிறாள். மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார வேண்டும். இடது நுரையீரலின் மேல் பகுதி சுருங்கியது சுருங்கியதுதான். அது திரும்ப வராது. மாதாமாதம் அவளை மெஷினில் ஏற்றி, இன்னும் கொஞ்சம் குறை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான் அது போனது.