கிரைண்டர் தந்த இரண்டு பிட்

அமெரிக்காவில், டெக்சாஸின் ஃபிரிஸ்கோ ஊரில் இருக்கும் எங்கள் வீட்டின் மாடியறைதான் என் ஆபீஸ். வெப்பத்தை எண்ணாக மாற்றித் தரும் ஒரு சிப்பிடமிருந்து அதன் தகுதிக்கு மீறிய நுணுக்கத்தைக் கறப்பதுதான் அப்போது என் வேலை. ஏடிசி என்று பெயர். அதற்குப் படிகள் மட்டுமே தெரியும். இரண்டு படிகளுக்கு நடுவில் இருப்பது தெரியாது. நல்ல சிப்பாகக் கேட்டுப் பார்த்தேன். போர்டு டிசைன் முடிந்துவிட்டது, இதையே சரிசெய் என்றார் மேனேஜர்.

பலமுறை அளந்து சராசரி எடுத்தால் நடுவில் இருப்பதும் பிடிபடும் என்று நினைத்தேன். மோட்டார் ஓடினால் கரண்ட் கலங்கி அளவு கெடும் என்பதால், வீட்டில் நான் அளக்கும்போது எந்த மோட்டாரும் ஓடக்கூடாது என்று சட்டம் போட்டேன். அடிபட்டவர் என் கணவர். கோயம்புத்தூர்க்காரர், ஞாயிறு என்றால் அவருக்கு மாவரைக்க வேண்டும்.

வீடு அமைதியானது. ஆயிரம் முறை அளந்தேன், ஆயிரமும் ஒரே எண். ஒரே எண்ணுக்குச் சராசரி எடுத்தால் வேறு என்ன வரும்?

ஒரு ஞாயிறு, நான் வெளியே போய்விட்டதாக நினைத்து அவர் கிரைண்டரைப் போட்டுவிட்டார். திட்டுவதற்காக எழுந்தவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டேன். மோட்டாரின் மின் இரைச்சல், அதாவது கரண்டில் அது கிளப்பும் சின்னச் சின்ன அதிர்வு, மின்வயர் வழியாக மேலே வந்து, கடைசி எண்ணை இரண்டு படிகளுக்கு இடையே துள்ளவைத்துக்கொண்டிருந்தது. மேல்படியில் எத்தனை, கீழ்ப்படியில் எத்தனை என்று எண்ணியதும் உண்மையான வெப்பம் நடுவில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டது. கொஞ்சம் இரைச்சல் இருந்தால்தான் சராசரிக்கே வேலை. காலேஜில் படித்ததுதான், பரீட்சையோடு மறந்திருந்தேன்.

கீழே ஓடினேன். என்னைப் பார்த்த பயத்தில் அவர் ஸ்விட்சை அணைத்தார்.

"ஆஃப் பண்ணாத. திரும்பப் போடு," என்றேன்.

ஏன் என்று கேட்டார். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவர் நிதானமாகக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார்.

"மாவு அரைச்சாச்சு. இனி அடுத்த சண்டேதான். அதுவும் மேடம் பெர்மிஷன் குடுத்தா."

வெறும் கல்லையாவது ஓட்டு என்று கெஞ்சினேன். கல் தேய்ந்துவிடுமாம். கடைசியில் நானே அரிசியை ஊறவைத்தேன். அது ஊறும்வரை அவர் சோபாவில் கால்மேல் கால் போட்டுக் கிரிக்கெட் பார்த்தார்.

அந்த வாரம் தினமும் கிரைண்டர் ஓடியது. இட்லி, தோசை, பணியாரம் எல்லாம் செய்தும் மாவு தீராமல், பக்கத்து வீட்டு குஜராத்தி ஆன்ட்டிக்கு டப்பா டப்பாவாகப் போனது. அளவீடோ நான்கு மடங்கு நுணுக்கமானது. எங்கள் பாஷையில், இரண்டு பிட் கூடுதல்.

ரிவ்யூ மீட்டிங்கில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று மேனேஜர் கேட்டார். கிச்சனில் ஒரு மோட்டார் என்றேன். கஸ்டமரிடம் மோட்டாரைக் கொடுக்க முடியாது, சின்ன மாற்றம் என்றால் பரவாயில்லை, போர்டிலேயே ஏதாவது செய் என்றார். லேசான இரைச்சலை உண்டாக்கும் ஒரு குட்டி சர்க்யூட்டைப் போர்டின் மூலையில் சேர்த்தேன். அதுவும் அதே இரண்டு பிட்டைத் தந்தது.

போர்டைக் கணவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, இது எத்தனை கிலோ அரைக்கும்?"