இரண்டாவது 'தி'

எங்கள் பள்ளியின் சுற்றறிக்கை நோட்டுக்குச் சிவப்பு அட்டை போட்டிருப்பார்கள். ப்யூன் அதை வகுப்பு வாசலில் நீட்டுவார். சாக்பீஸ் கையோடு கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிடுவோம். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்ததில்லை. மேலே நாலு கையெழுத்து இருந்தால் ஐந்தாவது தானாக விழும். மலைக்கோட்டைப் பக்கம் இருக்கும் பெண்கள் பள்ளி அது. நான் அப்போது தற்காலிக ஆங்கில ஆசிரியன். வேலை நிரந்தரமாகுமா என்பதே தினமும் கவலை.

ஒருநாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, விடுதி பற்றிய உத்தரவை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். நூலகரும் வார்டனும் அதுவரை இரண்டு பேர். இனி நூலகரே விடுதியையும் பார்த்துக்கொள்வார், ஆனால் அதைப் பச்சையாகச் சொல்ல வேண்டாம் என்றார். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 'தி லைப்ரரியன் அண்ட் வார்டன்' விடுதியில் தங்குவார் என்று எழுதினேன். ஆங்கில இலக்கணப்படி வார்டனுக்கு முன்னால் இன்னொரு 'தி' (the) போட்டால் இரண்டு பேர். போடாவிட்டால் இரண்டு வேலையும் பார்க்கும் ஒருவர். அன்று காலையில்தான் பத்தாம் வகுப்பில் அதை நடத்தியிருந்தேன். "ஒரு 'தி'ல என்ன சார் வந்துடப் போகுது?" என்று ஒரு பெண் கேட்டாள். மார்க் போகும் என்று சிரித்தேன்.

வார்டன் அம்மா கணவரை இழந்தவர். விடுதி அறைதான் அவருக்கும் மகளுக்கும் வீடு. ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மாலையில் அந்த உத்தரவு ஒட்டிய சுற்றறிக்கை நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் மட்டும்தான் அன்று கையெழுத்துப் போடாமல் இருந்தார்.

"சார், இதுல என் வேலை இருக்குல்ல? படிச்சுச் சொல்லுங்க."

"வார்டன்னு போட்டிருக்கு பாருங்க. எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்களும் போட்டுடுங்க."

சொன்னது பொய்யில்லையே என்று எனக்குள் ஒருவன் வாதாடினான். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஜூனில் அறையைக் காலிசெய்தார். எனக்கு வேலை நிரந்தரமானது. அந்தப் பாடம் வரும்போதெல்லாம் இப்போதும் பலகையில் வேகமாக எழுதி வேகமாக அழித்துவிடுகிறேன். பெண்கள் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சென்ற வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் வார்டன் அம்மா, தலை முழுக்க நரைத்து. பக்கத்தில் உட்காரச் சொன்னார். மகள் கல்யாணமாகி அம்மா மண்டபம் பக்கம் இருக்கிறாள் என்றார். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குப் பதறியது. சீட்டில் நெளிந்தேன்.

"அம்மா, அன்னைக்கு அந்த உத்தரவுல..."

"தெரியும் சார். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே லைப்ரரி மேடம் அர்த்தம் சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏம்மா என்கிட்ட வந்தீங்க?"

"தாளாளர்கிட்ட போய்க் கேட்கலாம்னு இருந்தேன். கூட வர ஒரு ஆள் வேணும்ல? மேடம் வர முடியாது, வேலை அவங்களுக்குத்தானே. நீங்க வருவீங்கன்னு நினைச்சேன்."

குரலில் கோபமே இல்லை. கண்டக்டர் அம்மா மண்டபம் என்று கத்தினார். "போயிட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கிப் போனார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.